மிதக்கும் மரத்தை மதிக்காதவர்

காலை ஆறு இருபது. ஜோகுபாளையத்தில் நான் குடியேறிய மறுநாள். மாடி ஜன்னலைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது என் நாற்காலியின் கால். நாற்காலி என் அறையில் இருந்தது. கால் எதிர்வீட்டு வாசலில், ஒரு நீல பக்கெட்டில், தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. பக்கெட்டின் முன்னால் அரைக்கை பனியன் போட்ட ஒருவர் குந்தியிருந்தார். வயது அறுபத்தைந்து இருக்கும். நோயாளியின் நாக்கைப் பார்க்கும் டாக்டரின் முகத்தோடு அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முந்தைய நாள் சாமான் இறக்கியபோது உடைந்து, வாசலிலேயே விட்டுவிட்ட கால் அது. நான் சட்டை மாட்டிக்கொண்டு இறங்குவதற்குள் அவரே மேலே வந்துவிட்டார். சொட்டச் சொட்ட என் கையில் கொடுத்தார்.

"மிதக்குது சார். வச்சுக்கோங்க."

தேக்கு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள் என்றேன்.

"தேக்கும் மிதக்கும்" என்றார், என் குடும்பத்தில் நடந்த ஏதோ ஒரு தப்பைப் பெருந்தன்மையோடு மன்னிப்பவராக. போய்விட்டார்.

இருபத்தெட்டு வருடம் பத்திரிகை அலுவலகத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுதியதில் தப்புத் தேடியவன் நான். மனிதர்களை அவமானப்படுத்தத் தெரிந்த பலரைப் பார்த்திருக்கிறேன். மரத்தை அவமானப்படுத்தத் தெரிந்தவர் பெங்களூரிலேயே அவர் ஒருவர்தான்.

அவருக்கு ஒரு பெயர் உண்டு. கரண்ட் பில்லில் பார்த்திருக்கிறேன். தெருவில் அதை யாரும் பயன்படுத்துவதில்லை. பக்கெட்டுக்காரர் என்று சொன்னால் கூரியரே வந்து சேரும். எந்த மரத்துண்டு கையில் கிடைத்தாலும் தண்ணீரில் போடுவார். சட்டென்று முங்கினால் "நல்ல குடும்பம்" என்பார். கொஞ்சம் யோசித்துவிட்டு முங்கினால் "பரவால்ல." மிதந்தால் ஒரே சொல்தான்: "தெர்மாக்கோல்." மா, பலா, வேம்பு, ஊரில் கோயில் கதவு செய்கிற மரம், எல்லாம் அவருக்குத் தெர்மாக்கோல்.

காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற தெரு அது. கோடையில் அதுவும் வராது; டேங்கர் லாரிக்குக் காத்துக் கிடக்க வேண்டும். அந்த நாட்களிலும் ஒரு முழு பக்கெட்டைக் கட்டைகளுக்கு ஒதுக்கி வைத்திருப்பவரைத் தெரு எப்படிப் பார்த்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரை அவர் மாற்றுவதில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். பல தேசத்து மரங்கள் ஊறி ஊறி அது டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்திருந்தது. டேங்கர் டிரைவர் ஒருவர் அதை டீ என்று நினைத்து டம்ளர் கேட்டதாக கனகா அக்கா சொன்னார். கனகா அக்கா என் வீட்டுக்காரம்மா, கீழ்வீட்டில் இருப்பவர். எதையும் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்வார். ஆனால் தண்ணீரின் நிறத்தை நானே பார்த்தேன்.

அக்காவுக்கு அவர்மேல் வேறொரு வருத்தமும் இருந்தது. ஊரெல்லாம் கருங்காலி மாலை போட்டுக்கொண்ட சமயத்தில் அக்காவும் ஒன்று வாங்கினார். போட்டுக்கொண்டால் பிடித்த கஷ்டமெல்லாம் விலகும் என்று விற்றவன் சொல்லியிருந்தான். மூன்றாம் நாள் பக்கெட்டுக்காரர் அவரை வாசலில் நிறுத்தி, மாலையை ஒரு நிமிடம் கழற்றித் தரச் சொன்னார். கண்ணில் ஒற்றிக்கொள்ளத்தான் கேட்கிறார் என்று நினைத்து அக்கா கழற்றிக் கொடுத்தார். மாலை பக்கெட்டில் வட்டமாக விரிந்து அழகாக மிதந்தது. கொஞ்ச நேரத்தில் சாயம் பிரிந்து, மணிகள் வெளுத்த சந்தன நிறத்துக்கு வந்தன.

"கருங்காலின்னா முங்கணும்மா. இது ஊதுவத்தி ஸ்டேண்டு செய்யற கட்டை" என்றார்.

அக்கா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. தன் கஷ்டங்கள் தீராததற்கு விற்றவன் காரணமில்லை, தண்ணீரில் போட்டவர்தான் காரணம் என்று இன்றைக்கும் நம்புகிறார்.

பக்கெட் இத்தனையும் எதற்காக என்று எனக்குச் சொன்னவரும் அக்காதான், கோபம் தீராமலேயே.

சவரக்கத்திக்குக் கைப்பிடி. பிளேடு மாற்றிப் போடுகிற இந்தக் காலத்துக் கத்தி இல்லை. தோல்வாரில் தீட்டித் தீட்டி வருடக்கணக்கில் வைத்துக்கொள்கிற பழைய மடக்குக் கத்தி. இரண்டு மெல்லிய பலகைகளுக்கு நடுவே இரும்பு மடங்கும். அந்தப் பலகைகளைத்தான் அவர் ஓயாமல் செய்துகொண்டிருந்தார். கத்தி ஒன்றுதான். கைப்பிடிகள் முப்பதைத் தாண்டியிருக்கும். பித்தளை ஆணியைத் தட்டி எடுத்துப் பழையதைக் கழற்றுவார். புதியதைப் பொருத்திச் சின்னச் சுத்தியலால் நூறு தட்டு தட்டுவார். இரண்டு மாதம் போகும். இதுவும் போதவில்லை என்று மறுபடி பக்கெட்டுக்கு முன்னால் குந்திவிடுவார்.

கத்தி பாபுவுக்கு. பாபு அவருடைய ஒரே மகன். முப்பத்துநான்கு வயது. பேச்சு வராது. காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை உடம்பு ஓரிடத்தில் நிற்காது. தெருவில் இருக்கிற கேட்டையெல்லாம் திறந்து மூடுவான், மூடித் திறப்பான். எங்கள் தெருவில் மட்டும் எந்த கேட்டும் கிறீச்சிடாது. அத்தனைக்கும் பக்கெட்டுக்காரர் மாதம் ஒருமுறை எண்ணெய் விட்டுக்கொண்டு வருவார்.

பாபுவுக்குத் தாடி வேகமாக முளைக்கும். நாலு நாள் விட்டால் அரிக்கும். அரித்தால் ரத்தம் வருகிறவரை கன்னத்தைச் சொறிவான். மெஷின் சத்தம் கேட்டாலே அலறுவான். மெயின் ரோட்டு சலூனுக்குக் கூட்டிப்போன அன்று ஒரு கண்ணாடியும் இரண்டு பவுடர் டப்பாவும் உடைந்தன. கடைக்காரர் நயாஸ் பாய் கோபப்படவில்லை. "நம்ம கையில ஆவாது சார்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அம்மா உயிரோடு இருந்தவரை மடியில் அவன் தலையை அழுத்திப் பிடித்துக்கொள்ள, அப்பா சவரம் செய்வாராம். அந்த அம்மா போய் ஆறு வருடமாகிறது. அதற்குப் பிறகு ஒருநாள், வேறு வழியில்லாமல் பக்கெட்டுக்காரர் தனியாகவே கத்தியை வைத்தார். கத்தி கன்னத்தில் பட்டதும் பாபு அசைவதை நிறுத்தினான். ஏன் என்று டாக்டருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். நாளெல்லாம் ஓடுகிற உடம்பு, கத்தி வைத்திருக்கும் நேரம் மட்டும் கல்லாகிவிடும்.

"ஒரு நாளைக்கு அவன் ரெஸ்ட் எடுக்கறதே அந்தக் கொஞ்ச நேரந்தான் சார்" என்றார் கனகா அக்கா. "அது நின்னுச்சுன்னா அப்பனும் புள்ளையும் என்ன ஆவாங்கன்னு தெரியல. இந்த மனுசன் என்னடான்னா சும்னே கட்டையை ஊறவச்சிக்கினு உக்காந்திருக்காரு."

அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்று எனக்குத் தெரிய ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடமும் நானும் தெருவோடு சேர்ந்து சிரித்தேன்.

சிரிக்கக் காரணங்கள் இருந்தன. பிரேசர் டவுனிலிருந்து ஒரு பேண்ட் செட் எங்கள் தெருவில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வந்தது. கிளாரினெட்காரர் கண்ணை மூடி உருகி வாசித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்தபோது எதிரே பக்கெட்.

"கறுப்பா இருக்கே, ஆப்பிரிக்கா மரந்தானே? ரெண்டு நிமிஷம் குடுங்க. முங்குதான்னு பாத்துட்டுத் தரேன்."

வாத்தியக்காரர் கிளாரினெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் குதிரைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். மிச்ச ஊர்வலம் டிரம்பெட்டோடு நடந்தது. மூன்று மாதம் கழித்து அவரே தேடி வந்தார். குளிர்காலத்தில் வாத்தியம் நெடுக்காக வெடித்துவிட்டது. இனி வாசிக்க ஆகாது. அவரே அதைத் தண்ணீரில் விட்டார். ஒரே மூச்சில் அடிக்குப் போனது. "நல்ல குடும்பம்" என்றார் பக்கெட்டுக்காரர். வாத்தியக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இழவு வீட்டில் இறந்தவரைப் பற்றி யாரோ நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டதைப் போல இருந்தது. அந்தக் கிளாரினெட்டிலிருந்து ஒரு ஜோடிப் பலகை தேறியது. விரல் ஓட்டைகளைத் தவிர்க்க முடியவில்லை. அந்த மரத்தூளையே பசையில் குழைத்து அடைத்தார்.

அப்புறம் வைட்ஃபீல்ட் ஆட்கள். ஐ.டி. கம்பெனியில் வேலை செய்யும் நாலைந்து இளைஞர்கள், ஈரோடு, திருச்சிப் பக்கமிருந்து வந்தவர்கள், பழைய கத்தியில் சவரம் செய்வதை ஒரு பொழுதுபோக்காக வைத்திருந்தார்கள். நயாஸ் பாய் சொல்லி இவரைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு மணி நேரம் டிராஃபிக்கில் டாக்ஸியில் உட்கார்ந்து வந்து, கைப்பிடி செய்யச் சொல்லிக் கத்தியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். செய்து கொடுத்த மறுவாரம் ஒருவர் திரும்பி வந்தார்.

"அங்கிள், பின்பக்கம் ரொம்ப வெயிட்டா இருக்கு. பேலன்ஸே இல்ல. கைப்பிடி லைட்டாத்தான் இருக்கணும்னு நெட்ல எல்லாரும் சொல்றாங்க."

"சொல்றவங்களுக்கு என்ன வயசு?"

"தெரியல அங்கிள்."

"அறுபது தாண்டட்டும். அப்புறம் பேசச் சொல்லுங்க."

நயாஸ் பாய் அந்தக் கத்தியைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். அவர் முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவர். "இது உஸ்தரா இல்ல சார், உலக்கை" என்றார். "இத வச்சி ஷேவ் பண்ணா கஸ்டமர் தூங்கிடுவாரு. அப்பால எந்திரிக்க மாட்டாரு." வைட்ஃபீல்ட் ஆட்கள் மெஷினுக்கு மாறிவிட்டார்கள் என்று கேள்வி.

பக்கெட்டுக்காரருக்கு இன்னும் சில பழக்கங்கள் இருந்தன. மூலை ஓட்டலில் காபி வாங்கினால் கிளாஸைத் தொட மாட்டார். கவுன்டரிலேயே வைத்துவிட்டு, குனிந்து, வாயை அதனிடம் கொண்டுபோவார். கூரியர்காரன் கையெழுத்துக்குப் போனை நீட்டினால் பாபுவைக் கூப்பிடுவார். பாபு விரலால் வட்டம் வட்டமாகக் கிறுக்குவான். சட்டைப்பையில் எப்போதும் ஏதோ ஒரு கனமான கட்டை இருக்கும். பேசும்போது அதை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். இவை எல்லாவற்றையும் நான் பார்த்தேன். தனித்தனியாகப் பார்த்தேன். சேர்த்துப் பார்க்கவில்லை.

ஒரு மழை நாளில் ஓட்டலில் நெருக்கடி. கவுன்டரில் வைக்க இடமில்லாமல் காபியை நேராக அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். கிளாஸ் இரண்டு விநாடி சும்மா இருந்தது. பிறகு ஆட ஆரம்பித்தது. காபி முழுவதும் என் சட்டையில் வந்து சேர்ந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. மிதக்கிற மரத்தைப் பார்க்கும் பார்வையில் தன் கையைப் பார்த்தார்.

பிறகு பையிலிருந்து கட்டையை எடுத்து இறுகப் பிடித்தார். கை மெல்ல அடங்கியது.

"எப்பலேர்ந்து?" என்றேன்.

"பாபுவோட அம்மா தவறின வருசம் ஆரம்பிச்சுது. வெயிட்டு இருந்தா கம்முனு இருக்கும். இல்லைன்னா இப்படித்தான்."

ஓட்டல் வாசலில் மழை விடும்வரை நின்று மிச்சத்தைச் சொன்னார். முதலில் கத்தியோடு வந்த பிளாஸ்டிக் கைப்பிடியே போதுமாக இருந்தது. அடுத்த வருடம் ஈட்டி மரம் தேவைப்பட்டது. அதற்கடுத்து கருங்காலி. கைக்கு ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கூடுதல் கனம் வேண்டியிருந்தது. பலகையைத் தடியாக்கினால் கனம் வரும், ஆனால் விரல் மடங்காது, பிடி நழுவும். ஆகவே தடிக்காமல் கனக்கிற மரம் வேண்டும். ஈயம் பதித்துப் பார்த்தார்; சோப்பில் கறுத்து பாபுவின் கழுத்தில் கோடு போட்டது. இரும்புப் பிடியின் குளிர்ச்சி பட்டதும் பாபு சிலிர்த்துத் திரும்பினான், கழுத்து தப்பியது. டாக்டர் கொடுத்த மாத்திரையில் நடுக்கம் குறைந்தது, ஆனால் காலையில் கண் திறக்க முடியவில்லை. அதனால் மரம். மரக்கடைக்காரன் சொல்லும் பேரை நம்ப முடியாது. பக்கெட் பொய் சொல்லாது.

அந்த வருட முடிவில், கன்டோன்மென்ட் பக்கம் வெள்ளைக்காரர் காலத்துக் கிளப் ஒன்று பழைய சாமான்களைக் கழித்தது. அதில் புல்தரையில் உருட்டி விளையாடுகிற மரக்குண்டுகள் சில இருந்தன. ஏதோ தீவிலிருந்து வந்த மரம். ஒரு காலத்தில் கப்பலில் இரும்புக்குப் பதிலாக அதை வைப்பார்களாம். நல்ல தேங்காய் அளவு. ஒன்றை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். நாங்கள் எல்லோரும் வாசலில் நின்றோம். அவர் குண்டை இடுப்பு உயரத்திலிருந்து பக்கெட்டில் விட்டார். குண்டு முங்கியது, அங்கே நிற்காமல் பக்கெட்டின் அடியையும் உடைத்துக்கொண்டு போனது. ஆறு வருட டிகாக்‌ஷன் தெருவில் ஓடியது. கனகா அக்கா வாய்விட்டுச் சிரித்தார். பக்கெட்டுக்காரரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்தக் குண்டை ஹாக்சா பிளேடால் அறுத்தார். பிளேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மழுங்கின. அறுத்தபோது பழுப்பாக இருந்த மரம் வெளிச்சம் பட்டு நாளாக ஆகப் பச்சையாக மாறியது. மெழுகு தடவியதுபோல எண்ணெய்ப்பசை. சோப்பு நீர் ஒட்டவில்லை. நீளம்தான் இரண்டு விரல் போதவில்லை. மடக்கினால் கத்தியின் நுனி வெளியே எட்டிப் பார்த்தது. அதற்கு ஒரு தோல் உறை தைத்தார்.

மறுநாள் மாடிக்கு வந்தார்.

"நீங்க பேப்பர்ல தப்பு பாக்கற வேலைதானே செஞ்சீங்க?"

ஆமாம் என்றேன்.

"இதுக்கு மேல வெயிட்டா மரம் கிடையாது சார். இதோட சரி. எனக்குக் கண்ணும் முன்ன மாதிரி இல்ல. ஞாயித்துக்கிழமை வந்து பக்கத்துல உக்காந்து கத்தி நுனியைப் பாருங்க. ஆடுச்சுன்னா ஆடுச்சுன்னு சொல்லுங்க. அன்னியோட நிறுத்திடறேன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். பாபு முக்காலியில் உட்காருவான். கால் ஆடும், தோள் ஆடும், விரல்கள் காற்றில் எதையோ எண்ணும். அப்பா வெந்நீரில் நுரை குழைத்துப் பூசும்வரை எல்லாம் ஆடும். கத்தி விரியும். பாபு கண்ணை மூடுவான். அதற்குப் பிறகு அந்த அறையில் முடி அறுபடும் சத்தம் மட்டும்தான். பச்சைக் கைப்பிடியை இறுக்கிய அந்தக் கை, காபியைக் கொட்டிய கைதான் என்று நம்ப முடியவில்லை. நுனி ஆடவில்லை. "ஆடல" என்பேன். தலையாட்டிவிட்டுக் கத்தியைத் துடைப்பார். எட்டு மாதம் இப்படிப் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடியது. இடது காதுக்குக் கீழே, இரண்டு முறை. அச்சில் ஒரு முற்றுப்புள்ளி அளவுக்குத்தான் இருக்கும். நான் பார்த்தேன். பார்த்துப் பழகிய கண். அவர் முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். பாபு மழித்த முகத்தோடு இன்னும் கண்ணை மூடியே உட்கார்ந்திருந்தான்; அவன் கைகள் தொடைமேல் சும்மா கிடந்தன.

"ஆடுச்சா சார்?"

"இல்ல" என்றேன்.

வியாழக்கிழமை காலை கனகா அக்கா கீழிருந்து கூப்பிட்டார். நான் எதிர்வீட்டுக்குப் போனபோது நயாஸ் பாய் படிகாரத்தோடு வந்திருந்தார். பாபுவின் தாடைக்குக் கீழே ஒரு அங்குலம் கீறல். ஆழமில்லை. தையல் தேவைப்படவில்லை. வெட்டியபோதும் பாபு அசையவில்லை என்று சொன்னார்கள். நான் பார்த்தபோதும் அவன் அதே முக்காலியில், கண்ணை மூடி, முகத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்து உட்கார்ந்திருந்தான். இன்னொரு கன்னம் பாக்கி இருந்தது.

பக்கெட்டுக்காரர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமை ஆடுச்சா சார்?"

"ஆடுச்சு."

"எனக்கும் தெரியும். நீங்க சொல்லிட்டா நிறுத்திடலாம்னு இருந்தேன்."

அதற்குமேல் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்று சாயங்காலம் ஆணியைத் தட்டி எடுத்துக் கைப்பிடியைக் கழற்றி, கத்தியை எண்ணெய்த் துணியில் சுற்றி நயாஸ் பாயிடம் கொடுத்துவிட்டார்.

ஒரு பக்கம் மழித்தும் ஒரு பக்கம் மழிக்காமலும் பாபு தெருவில் கேட் கேட்டாகப் போனான். தெரியாதவர்கள் சிரித்தார்கள். காலையில் அவனே முக்காலியை எடுத்துப் போட்டு உட்காருவான். கத்தி வராது. எழுந்து போவான். திரும்பி வந்து உட்காருவான். நுரை மட்டும் பூசிப் பார்த்தார் அப்பா. அது காய்ந்து உதிரும்வரை அவன் காத்திருந்தான். முடி முளைத்து அரிக்கத் தொடங்கியது. சொறியாமலிருக்க இரண்டு கைகளிலும் பழைய சாக்ஸை மாட்டி மணிக்கட்டில் கட்டினார். சாக்ஸ் கையோடு கேட் திறக்க வரவில்லை. இரண்டு வாரம் எங்கள் தெருவில் எந்த கேட்டும் தானாகத் திறந்து மூடவில்லை. கனகா அக்கா தன் கேட்டை வேண்டுமென்றே திறந்து போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கெட்டுக்காரர் முன்பு ஒரு தொழிற்சாலையில், வார்ப்படப் பிரிவில் மரவேலை பார்த்தவர். இரும்பில் வரவேண்டிய சாமானை முதலில் மரத்தில் செய்து கொடுப்பது அவர் வேலை. அந்த மரத்தை மணலில் அழுத்தி எடுத்து, விழுகிற பள்ளத்தில் இரும்பை ஊற்றுவார்கள். பல்சக்கரம், பம்பு மூடி, வால்வு என்று வாழ்நாளெல்லாம் மரத்தில் செய்து கொடுத்தார். அந்தக் குண்டில் மீதமிருந்த துண்டை எடுத்து இப்போது ஒரு கத்தி செய்தார். கைப்பிடி மட்டுமில்லை, கத்தியே மரம். அதே வளைவு, அதே அகலம், ஆணி போகிற அதே துளை. விளிம்பு மட்டும் தோசைக்கரண்டி விளிம்பளவுக்கு மொண்ணை. இந்த முறை இரும்பு ஊற்ற வேண்டியதில்லை.

அன்று நானும் கூப்பிடாமலே போய் நின்றேன். நுரை பூசினார். கத்தியை விரித்தார். கை ஆடியது, மறைக்க முடியாதபடி ஆடியது. நுரையில் கோடு அலை அலையாக விழுந்தது. பாபு ஒரு கண்ணைத் திறந்து கத்தியைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். மறுபடி மூடிக்கொண்டான். கால் நின்றது. தோள் நின்றது. சாக்ஸுக்குள் விரல்கள் நின்றன.

நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கவனித்திருக்க வேண்டும்.

"இப்ப ஆடட்டும் சார்" என்றார். "ஆடினா என்ன."

அன்றிலிருந்து தினமும் மரக்கத்தி நுரையை வழித்தது, முடியைத் தொடவில்லை. நீளம் ஏற ஏற அரிப்பும் நின்றது. சாக்ஸைக் கழற்றினார். இப்போது பாபுவின் தாடி மார்பைத் தொடுகிறது. புதிதாக வந்த கூரியர்காரர் ஒருவர் அவனைச் சாமியார் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனை நீட்டினார். நயாஸ் பாய் தெருவில் போகும்போதெல்லாம் நின்று அந்தத் தாடியைப் பார்ப்பார். தொழில்காரர் என்ற முறையில் அவருக்கு வேதனைதான்.

பக்கெட்டுக்காரர் புது பக்கெட் வாங்கிவிட்டார். அதில் குளிக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் காய்ச்சல், படுக்கையை விட்டு எழவில்லை. காலையில் என் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. இத்தனை வருடத்தில் பாபு ஒருநாளும் மாடி ஏறி வந்ததில்லை. அவன் கையில் சோப்புக் கிண்ணமும் மரக்கத்தியும் இருந்தன.